நாற்பது பிணங்களுக்கு ஒரு கையெழுத்து

“நாப்பது பிணம், ஆறு எலும்புக் குதிரை, தலையில்லாத தளபதி ஒண்ணு. சரிதானே?”

“சரிதான் சார்.”

“டெத் சர்டிபிகேட் ஒண்ணுகூட இல்லையே?”

மருதமுத்து நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம், கப்பல் பார்சல்கள் வந்து இறங்கும் ஒரு சுங்கக் கிடங்கு அது. மேஜைமேல் ‘சிதம்பரம், சூப்பிரண்டு’ என்ற பலகையைப் பார்த்ததும், நம்மூர்க்காரர், அஞ்சு நிமிஷ வேலை என்று நம்பி உட்கார்ந்தான் பாவி மனுஷன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

“எல்லாம் ஈய பொம்மை சார், சுண்டுவிரல் உசரம்தான். லண்டன்ல இருக்கிற என் மச்சான் வீரபாண்டியன் விளையாட்டா அப்படி எழுதி அனுப்பிட்டான்.”

“பாரத்துல விளையாட்டெல்லாம் கிடையாதுங்க.”

மருதமுத்து சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் ஃபிட்டர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மசானபுரியின் வடகரைக்கு அதிபதி. மசானபுரியைப் பூகோளப் புத்தகத்தில் தேட வேண்டாம். பேய்கள் மட்டுமே குடியிருக்கும் அந்த தேசத்தை, இவனும் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் கிடைத்த ஒருவரும் கடிதத்திலேயே கட்டி, கடிதத்திலேயே ஏழு வருஷமாகச் சண்டை போட்டு வந்தார்கள்.

இவன் தன் பெயரையும் குவார்ட்டர்ஸ் நம்பரையும் பட்டவர்த்தனமாக எழுதுவான். எதிராளியோ ‘சாம்பல் ராஜா’ என்று கையெழுத்துப் போட்டு, ஒரு போஸ்ட் பாக்ஸ் நம்பரோடு நிறுத்திக்கொள்வார். முகம் பார்த்ததில்லை.

சட்டம் இரண்டே இரண்டு. ஒட்டி, வர்ணம் பூசி முடிக்காத பேய் களத்தில் இறங்கக்கூடாது. கோட்டை விழுந்தால், தோற்றவன் தன் ராஜாவைப் பார்சல் கட்டி ஜெயித்தவனுக்கு அனுப்ப வேண்டும்; முன்னாலேயே சரணடைந்தால் ராஜா பிழைப்பார், மானம் மட்டும் போகும்.

மருதமுத்துவின் ராஜா லேசுப்பட்டவரா? ஊக்கை நிமிர்த்தி எலும்பு கட்டி, மெழுகில் சதை வைத்து, மனைவி தமயந்தியின் சீப்பில் சிக்கிய முடியை மீசையாக ஒட்டி, ஒற்றை மயிர்த் தூரிகையால் கண் திறந்து மூன்று மாதம் செய்தவர். அவரைக் கொடுப்பதற்குப் பதில் தன் மீசையையே கொடுத்துவிடுவான் மருதமுத்து.

இப்போது சாம்பல் ராஜாவின் படை கோட்டை வாசலில் நிற்கிறது. திங்கட்கிழமைத் தபாலுக்குள் புதுப் படை இறங்காவிட்டால் கோட்டை காலி. அந்தப் படைதான் இந்தப் பார்சல்.

போன மாதம் இவன் வாய் சும்மா இருக்காமல், “கப்பலில் நாற்பது பேர் வருகிறார்கள், ஜாக்கிரதை!” என்று எழுதிப் போட்டிருந்தான். “கடல் வழி என் கையில்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மருதமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டு மேஜையில் கடலாக விரித்திருந்தது தமயந்தியின் பழைய நீலச் சேலை. “உன் சேலை எப்படிடீ அவன் கைக்குப் போச்சு?” என்று அவளிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“சார், இவங்க செத்தவங்களே இல்ல. செத்தும் நடமாடுறவங்க.”

“அப்போ உயிரோட இருக்காங்க. பாஸ்போர்ட் எங்கே?”

“ஐயோ சார்!”

“தளபதிக்கு போட்டோ எப்படி எடுப்பீங்க? தலையே இல்லையே.”

“தலை தனிப் பொட்டலத்துல இருக்கு சார். ஒட்டிக்கலாம்.”

சிதம்பரம் பேனாவை மூடினார். “தலை தனி, உடம்பு தனியா? அப்போ போலீசுக்கில்ல சொல்லணும்?”

டீ கொண்டுவந்த பியூன் ஹரிபதோவின் காதில் போலீஸ் என்ற வார்த்தை மட்டும் விழுந்தது. “பாக்ஸே கீ ஆச்சே?” என்றான், பெட்டிக்குள் என்ன என்று வங்காளியில்.

“பூத்!” என்றான் மருதமுத்து, எரிச்சலில். பேய் என்று அர்த்தம்.

டீ வாசற்படியிலேயே நின்றுவிட்டது. ஹரிபதோ படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். சனிக்கிழமை, ஒரு மணிக்குக் கதவடைப்பு.

“சார், உங்க கால்ல விழறேன். இன்னிக்குக் கிடைச்சாத்தான் நாளைக்குள்ள ஒட்டி வர்ணம் அடிக்க முடியும்.”

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தாங்க. செவ்வாய்க்கிழமை வாங்க, பார்க்கலாம்.”

செவ்வாய்க்கிழமையா! அதற்குள் கோட்டை மண்ணாகி, ராஜா பார்சலாகிவிடுவாரே! மருதமுத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. பையிலிருந்த இன்லண்டு லெட்டரை எடுத்து அதே மேஜையில் வைத்து எழுதினான்: “சரணடைகிறேன். வடகரைக் கோட்டை உங்களுக்கு. என் ராஜாவை மட்டும் விட்டுவிடவும்.” எழுதும்போதே கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷம் சும்மாவா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒட்டினான், போஸ்ட் பாக்ஸ் நம்பரை எழுதினான்.

“பக்கத்துல தபால் பெட்டி எங்க சார் இருக்கு?”

“இப்படிக் கொடுங்க.”

போகிற வழியில் போட்டுவிடுவார் போலிருக்கிறது, மனுஷன் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துக் கொடுத்தான் மருதமுத்து. சிதம்பரமோ ஓரத்தை நிதானமாகக் கிழித்தார். இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பாரத்தில் டக், டக், டக்கென்று மூன்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பார்சலை அவன் பக்கம் தள்ளினார்.

“சார்… டெத் சர்டிபிகேட்டு?” மருதமுத்துவுக்கு வாய் குழறியது.

“அதான் அப்பவே எழுதியிருந்தேனே மருதமுத்து சார், கடல் வழி என் கையிலன்னு!”