தோட்டா நிரப்பும் நேரம்

“தடை பண்ணினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

இந்தத் துப்பாக்கிக் கடையில் நான் அன்றாடம் பதில் சொல்லும் கேள்விதான். ராணுவத் துப்பாக்கியின் ஜாடையில் இருப்பதையெல்லாம் விற்கக் கூடாது என்று எங்கள் மாநிலத்தில் சட்டம் வந்ததிலிருந்து, என் பிழைப்பு இந்த ஒப்பீட்டில்தான் ஓடுகிறது. சட்டத்துக்குள் அடங்குகிற மூன்றை எடுத்து கவுண்டரில் வைத்தேன். ஒன்று மரக்கட்டை போட்ட பழைய பாணி. ஒன்றில் கைப்பிடியை மீன் துடுப்பு மாதிரி ஆக்கியிருப்பார்கள். மூன்றாவதில் தோட்டாப்பெட்டியைக் கழற்ற முடியாதபடி அடைத்திருப்பார்கள்.

“துடுப்பு வெச்சது மட்டும் வேணாம் மேடம். நரி பாத்தா சிரிச்சே செத்துடும், தோட்டா மிச்சம்” என்றான் டுவெய்ன், துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கிக் குழாயிலிருந்து தலையைத் தூக்காமல். என்னோடு வேலை செய்கிறவன். எல்லோரிடமும் சொல்லும் ஜோக்.

அவள் சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். நல்ல கம்பளிக் கோட்டுதான், ஆனால் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். வேட்டைக்கா, வீட்டுப் பாதுகாப்புக்கா என்று கேட்டேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவரின் முகம் சரியில்லை என்று பட்டால், காரணம் சொல்லாமல் விற்க மறுக்கலாம். தன்னையே சுட்டுக்கொள்ள வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலை கேட்பதில்லை. இவளும் கேட்கவில்லை. இவளுக்கு எதையும் விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேச்சை வளர்த்தேன். கொஞ்சம் பேசினால் சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள்.

“சுடுறதுல பெரிய வித்தியாசம் இல்ல மேடம். தீந்து போனா மறுபடி ரொப்புறதுலதான். தடை பண்ணினதுல காலிப் பெட்டி கீழ விழும், புதுசைச் சொருகினா ஆச்சு. இந்த மூணாவதுல பெட்டி கழறாது. ஒண்ணொண்ணாத் திணிக்கணும்.”

“ரொப்பிக் காட்டுறீங்களா?”

பழக்கிக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் பிளாஸ்டிக் தோட்டாக்களை எடுத்தேன். அவள் அதற்குள் கடையின் கோடிக்குப் போய்விட்டாள். பூட்ஸ் அடுக்கிய சுவரில் முதுகு படும்படி நின்றுகொண்டு, “இப்ப ஆரம்பிங்க” என்றாள்.

நான் திணிக்கத் தொடங்கினேன். அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

பெரியவர்கள் நடக்கும் நடை இல்லை அது. குட்டிக் குட்டி அடிகள். ஒரு கையைப் பின்னால் நீட்டி, யாரையோ பிடித்து இழுத்துக்கொண்டு வருவதுபோல வந்தாள். டுவெய்ன் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். சும்மா இரு என்று ஜாடை காட்டினேன்.

நான் பாதி நிரப்பும் முன்பே அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.

திரும்பி உள்ளே வந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். போன வசந்தத்தில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூடு. அதில் ஒரு அக்காவும் தம்பியும். சுட்டவன் தோட்டாப்பெட்டி மாற்றிய இடைவெளியில் எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள். வாசலுக்குச் சற்று முன்னால் செத்துக் கிடந்தார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

நான் தொப்பியைக் கழற்றினேன்.

“உங்க பிள்ளைங்களாம்மா அது?”

“இல்ல. எனக்கு ஒரே பையன்.”

“எந்த வகுப்புல இருந்தான்?”

“அவன் பள்ளிக்கூடம் முடிச்சுப் பல வருஷம் ஆச்சு” என்றாள். பிறகு, “சுட்டது அவன்தான்” என்றாள்.

டுவெய்ன் குழாயை மெதுவாகக் கீழே வைத்தான்.

“தடை வர்றதுக்கு முந்தின நாள் ஊரே கடை வாசல்ல நின்னுச்சு. இனிமே கிடைக்காதுன்னாங்க. அவனுக்கு ரொம்ப ஆசை. நானும் வரிசைல நின்னு வாங்கிக் குடுத்தேன்.” கவுண்டரில் கிடந்த மூன்றாவதை விரலால் தொட்டாள். “ஒரு நாள் கழிச்சுப் போயிருந்தா இதத்தான் வாங்கியிருப்பேன்.”

அந்தப் பையனைப் பெற்றவளை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வசந்தம் முழுக்க இந்தக் கவுண்டரில் நின்று பேசியிருக்கிறோம். ஒன்றுகூட வாயில் வரவில்லை. பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

“இன்னொரு தடவ ரொப்புங்க” என்றாள். “நீங்க மெதுவாப் பண்ணிட்டீங்க.”

மறுபடியும் பூட்ஸ் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். அவள் எதற்காக வந்தாள் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இதை வாங்கிக் கொடுத்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்று யாராவது அவளுக்குக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

அவள் நடந்தாள். இம்முறை இன்னும் மெதுவாகத்தான் நடந்தாள்.

முப்பது வருடமாகத் தோட்டா திணித்த கை இது. இவ்வளவு வேகமாக நான் என்றுமே திணித்ததில்லை. பெருவிரல் நகம் கிழிந்தது. ஏமாற்றவும் செய்தேன், இரண்டு தோட்டாவை அவள் பார்க்காதபோது திணிக்காமலே கீழே தள்ளிவிட்டேன்.

நிரப்பி முடித்து நிமிர்ந்தேன். அவள் கதவுக்கு வெளியே, வெயிலில், பத்திரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.