ஈர வட்டம்

காலையில் காபி டம்ளரை நாளிதழ் மேல் வைத்துத்தான் அரசியல் செய்தி படிப்பேன். டம்ளரின் ஈர வட்டம் எந்த மந்திரியின் முகத்தில் விழுகிறதோ, அவர் பதவி அந்த வாரமே போய்விடும். விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது.

நேற்று விடிந்ததும் மந்திரி பொன்னுரங்கம் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னிக்கி என் போட்டோ வந்திருக்குங்கய்யா. கொஞ்சம் பாத்து வைங்க."

"நான் எங்க பாத்து வைக்கிறேன்? படிக்கிற ருசியில கை தானா போகுது" என்றேன்.

என் மனைவி அவருக்கும் காபி கொண்டுவந்தாள்.

"சூடா இருக்கும், கீழ வச்சு ஆறவிட்டுக் குடிங்கண்ணே."

வைப்பதற்கு முக்காலியில் விரித்திருந்த நாளிதழ்தான் இருந்தது. மந்திரி தன் படத்தை இடது கையால் மூடிக்கொண்டார். பக்கத்திலேயே முதலமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மந்திரி ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.