பத்தாம் நம்பர் சப்பாத்து

"கோயிலுக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டுத்தானே வருவீங்க?"

கல்யாணப் பேச்சு முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கும்போது சம்பந்தியம்மா பெட்ரீசியா கேட்ட கேள்வி இது. என் முகத்தைப் பாத்துக் கேக்கல. காலைப் பாத்துக் கேட்டாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவங்க ஈப்போ டவுன்காரங்க. நாங்க சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க. சின்ன வயசுலேர்ந்து ரப்பர் பால்மரம் வெட்டி, வெறுங்காலோட மேடு பள்ளம் ஏறி எறங்கின காலு இது. விரல் அஞ்சும் அஞ்சு பக்கம் பாக்கும். எங்க தோட்டத்து மாதா கோயில்ல சிலிப்பரை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள போவோம். டவுன் கோயில்ல பீடம் வரைக்கும் சப்பாத்தோடதான் நடப்பாங்க.

"அதெல்லாம் போட்டுக்குவேன்"னு ரோஷத்துல சொல்லிட்டேன்.

கல்யாணப் பொண்ணு எல்ஸி என் அக்கா மவ. அப்பா இல்லாத புள்ள. "சூசை மாமா, நீங்கதான் என் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும். இல்லாட்டி நான் தனியாத்தான் நடப்பேன்"னு சொல்லிட்டா. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் சப்பாத்து தேடி ஈப்போவுக்குக் கெளம்பினோம்.

மொதக் கடையில விரலே நொழையல. அடுத்த கடையில நீளம் சரி, அகலம் பத்தல. இன்னொரு கடை மொதலாளி, சீனத் தவுக்கே, என் காலைப் பாத்ததும் பெட்டியே எடுக்கல, கையை விரிச்சிட்டாரு.

கடைசியா பக்கீர் முகம்மது கடை. மனுஷன் பவுடர் போட்டு, தம் கட்டித் தள்ளி, எப்படியோ பத்தாம் நம்பரை மாட்டி விட்டுட்டாரு.

"இதுக்கு மேல பெருசு இல்லண்ணே. உங்க கால்ல ஒரு குத்தமும் இல்ல. சப்பாத்து செஞ்சவன் தோட்டத்துப் பக்கம் வந்ததில்ல, அவ்ளோதான்."

"நடந்து பாருங்க மாமா"ன்னா எல்ஸி.

நடந்தேன். உயிரு போச்சு.

"நல்லா இருக்குலா"ன்னேன்.

கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல கார விட்டு எறங்கினேன். கொஞ்ச தூரம் நடக்கல, சுண்டு விரல்ல தோலு உரிஞ்சிடுச்சு. உள்ள எட்டிப் பாத்தா பீடம் எங்கியோ தெரியுது. பாதி வழியில தடுக்கி விழுந்து வெச்சா புள்ளைக்கு என்ன அவமானம்! கழட்டிப் போட்டுட்டுப் போலாம்னா, அத்தன டவுன்காரங்களுக்கு நடுவுல தாய்மாமன் மட்டும் வெறுங்கால்.

"என்ன மாமா, இப்படி வேர்க்குது?"

"சந்தோசத்துலம்மா."

அந்த நேரம் பாத்து சம்பந்தியம்மா விடுவிடுன்னு வெளிய வந்தாங்க. மாப்பிள்ளை மத்தியாஸோட மாமா ஆம்புரோஸ் கோட்டு சூட்டோட பின்னாடியே வந்தாரு.

"எல்லாரும் சப்பாத்தக் கழட்டுங்க! வெளிய நிக்கிறவங்க, உள்ள உக்காந்திருக்கிறவங்க, எல்லாரும்தான்!"

"என்னக்கா இது கூத்து?"ன்னாரு ஆம்புரோஸ்.

"மத்தியாஸ் கைப்புள்ளையா இருக்கும்போது காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கெடந்தான். அப்ப மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். இவன் கல்யாணத்துல ஒருத்தர் கால்லயும் சப்பாத்து இருக்கக்கூடாதுன்னு."

"இத்தன வருசமா சொல்லவே இல்லியே?"

"மாதாகிட்ட சொன்னத உன்கிட்ட வேற சொல்லணுமா? கழட்டுலா!"

ஆம்புரோஸ் கழட்டினாரு. காலுறை ஓட்டையில கட்டை விரல் எட்டிப் பாத்துச்சு. பொம்பளைங்க முணுமுணுத்துக்கிட்டே புதுச் சப்பாத்தையெல்லாம் வாசல்ல குவிச்சாங்க. சாமியாரும் குனிஞ்சு தன்னோடத அவுத்தாரு.

நான் மட்டும் தெகைச்சு நின்னேன்.

"உங்களுக்குத் தனியாச் சொல்லணுமாண்ணே?"ன்னு சம்பந்தியம்மா ஒரு அதட்டல் போட்டாங்க.

அப்பாடா! எல்ஸி கையப் புடிச்சேன். சில்லுன்னு இருந்த தரையில, எங்க தோட்டத்துக் கோயில்ல நடக்கிற மாதிரி நெஞ்ச நிமித்தி நடந்தேன். புள்ள அழுதுக்கிட்டே சிரிச்சா. எந்தக் காலத்துலயோ வந்த அந்தக் காய்ச்சலுக்கு மனசார நன்றி சொன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை எல்ஸியப் பாத்துட்டு அப்படியே பூசைக்கும் போனேன். செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கிற பாவசங்கீர்த்தன வரிசையில சம்பந்தியம்மா நின்னாங்க. மனசு கேக்கல, கிட்டப் போனேன்.

"சம்பந்தியம்மா, உங்களத் திமிர் புடிச்சவங்கன்னு நெனச்சிட்டேன், மன்னிச்சிருங்க. அன்னைக்கு உங்க வேண்டுதல்தான் என் மானத்தக் காப்பாத்துச்சு. மாதாவுக்கு ஒரு மெழுகுத்திரி ஏத்தலாம்னு வந்தேன்."

சம்பந்தியம்மா சுத்திமுத்தும் பாத்தாங்க.

"மெதுவாப் பேசுங்கண்ணே. நீங்க கார விட்டு எறங்கி நொண்டினதப் பாத்துட்டேன். மத்தியாஸுக்குக் காய்ச்சலும் வரல, நான் வேண்டிக்கவும் இல்ல. மாதா பேரச் சொல்லிப் பொய் சொன்னதுக்குத்தான் இந்த வரிசையில நிக்கிறேன்."