அங்க அடையாளம்

இந்தியத் தகவல் தொடர்புத் துறைக்கு ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பு நேர்ந்துவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். நேர்ந்த இடம், பெரிய காஞ்சிபுரம் தேரடி. நாள், பங்குனித் தேர்.

"கொழந்த பேரு இன்னாம்மா?" என்றார் காவல் உதவி மையத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்த ஏட்டு மணியம்மாள். காலையிலிருந்து பிள்ளைகளைத் தொலைத்தவர்களாகவே வந்துகொண்டிருந்ததால் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொழந்த இல்ல மேடம்," என்றாள் ஏஞ்சல். "எங்க ஹெச்.ஓ.டி."

மணியம்மாள் நிமிர்ந்தார்.

ஏஞ்சல் விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் படிக்கும் மூன்றாம் ஆண்டுக் கல்லூரி மாணவி. அவளுடைய துறைத்தலைவர் முனைவர் சிட்டிபாபு, இன்றைய தலைமுறைக்கு முகம் பார்த்துப் பேசத் தெரியவில்லை என்று திடீரெனக் கண்டுபிடித்து, தேர்க்கூட்டத்தில் ஒரு களப்பயிற்சி வைத்திருந்தார். தலைப்பு: 'கைபேசியற்ற மானுடத் தொடர்பு'.

வகுப்பில் இருந்த அத்தனை கைபேசிகளையும் வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டு, "கமான், நாமெல்லாம் யூத்து! கூட்டத்தோட கலந்துடணும்!" என்று முழங்கினார். சொன்னதைச் செய்யும் ஆசிரியர் அபூர்வம். தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது, அவர் கலந்துவிட்டார்.

"வா, போலாம்," என்று ஏஞ்சலின் காதைக் கடித்தான் வகுப்புத் தோழன் ஜுனைத். "பசிச்சா தானா வந்துடுவாரு."

"உனக்கின்னாடா, உனக்கு அட்டெண்டன்ஸ் இருக்குது."

அவளுக்கு இல்லை. வருகைக் குறைவை மன்னிக்கும் ஃபாரத்தில் இன்றைக்குள் சிட்டிபாபு கையெழுத்துப் போட்டால் ஹால் டிக்கெட். போடாவிட்டால் ஜூனியர்களோடு பெஞ்சில் இன்னொரு வருடம். ஃபாரத்தை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். போடவேண்டிய கையைத்தான் காணவில்லை.

மணியம்மாள் தன் கைபேசியை நீட்டினார். "இந்தா, அவரு நம்பரப் போடு."

"நம்பர் என் போன்ல இருக்குது மேடம்."

"போன் எங்க?"

"பையில."

"பை?"

"சார்கிட்ட."

"சாரு?"

"அதான் மேடம் காணோம்."

முழுக் கதையையும் கேட்டு முடித்த மணியம்மாள் ஒரு பெருமூச்சோடு மைக்கை அவள் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லு. இதத்தான படிக்கிற? ஆனா பையப் பத்தி மூச்சு விட்டுடாத. அத்தினி செல்லு ஒரு ஆளுகிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சா, ஆளு கெடைப்பாரு, பை கெடைக்காது."

ஏஞ்சல் யோசித்தாள். பெயரையும் பதவியையும் சொன்னால், தகவல் தொடர்புத் துறைத்தலைவர் தேரில் தொலைந்துபோன செய்தி ஊர் முழுக்கப் பரவும். அப்புறம் கையெழுத்தாவது ஒன்றாவது. அடையாளத்தை மட்டும் சொன்னால் அவருக்குப் புரியும், ஊருக்குப் புரியாது. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பக்தர்களின் கனிவான கவனத்திற்கு. பெரியவர் ஒருவர் கூட்டத்தில் வழிதவறிவிட்டார். வயது அறுபதை நெருங்கும். குள்ளமான உருவம், தொந்தி. தலைக்குக் கறுப்புச் சாயம் அடித்திருப்பார், வேரில் வெள்ளை தெரியும். சந்தனக் கலர் சட்டையில் வயிற்றுக்கு நேரே ஒரு பட்டன் போடாமல் இருக்கும், போட முடியாது. யாரைப் பார்த்தாலும் அறிவுரை சொல்வார். பயப்பட வேண்டாம். தேரடி உதவி மையத்துக்குப் பத்திரமாக அழைத்து வாருங்கள்."

மூன்று வருடப் படிப்பு வீண்போகவில்லை. உதவி மைய வாசலில் நின்றவர்கள்கூடத் தங்கள் வயிற்றை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

"செத்த நீ," என்றான் ஜுனைத்.

"ஏன்டா? கரெக்டாத்தான சொன்னேன்?"

"அதாம்பா பிரச்சன. காலேஜ் வெப்சைட்ல இன்னும் கல்யாண போட்டோவ வெச்சிக்கினு இருக்கிற ஆளு அவரு. நீ தொந்தின்னு நாலு வீதிக்கும் கேக்குற மாதிரி மைக்ல சொல்ற."

ஏஞ்சலுக்கு வேறு வழியில்லை. இன்னும் இரண்டு முறை சொன்னாள். தொந்தியை மட்டும் கொஞ்சம் மெதுவாக.

மூன்றாவது முறை முடிந்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிட்டிபாபு வந்தார். முகம் சிவந்திருந்தது. சாயம் வியர்வையோடு சேர்ந்து காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? ஒவ்வொருத்தருக்கா போன் போடுறேன், ஒரு ஆளும் எடுக்கல! போதாக்குறைக்கு இந்தப் பை வேற விடாம அடிச்சிக்கினே இருக்குது!"

மணியம்மாள் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"மைக்ல பேசினது யாரு?"

ஜுனைத் ஓர் அடி தள்ளி நின்றான், நட்பின் இலக்கணப்படி.

"நான்தான் சார்," என்றாள் ஏஞ்சல்.

"மூணு தடவையும் கேட்டேன். ஒரு வார்த்த விடாம கேட்டேன்." கையை நீட்டினார். "எங்க உன் ஃபாரம்?"

கிழித்துப் போடப்போகிறார் என்று நினைத்தாள். கிழித்தால் அதைப் பொறுக்கி ஒட்ட முடியுமா என்றுகூட யோசித்துவிட்டாள். கொடுத்தாள்.

சிட்டிபாபு அதை மேசைமேல் வைத்தார். வாங்கிய பட்டங்கள் ஒன்று விடாமல் எழுதி, கீழே இரட்டைக் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இதாம்மா கம்யூனிகேஷன். இதத்தான் மூணு வருஷமா உங்களுக்குச் சொல்லிக்கினு இருக்கேன்."

கைக்குட்டையால் காதோரக் கறுப்பைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமான கவலையோடு கேட்டார்.

"நானும் நாலு ராஜ வீதியும் தேடிட்டேன். கெடச்சிட்டாரா அந்தக் கெழவரு?"