கட்டினவள்

பள்ளிவாசல் ஆபீஸ் மேஜையில் பாதிக்கு வெயில் விழுந்திருக்கிறது. வெயிலில் கிடப்பது குடும்பக் கோர்ட்டு உத்தரவு. நிழலில் கிடப்பது ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம். ஜைத்தூன் தானே கேட்டு வாங்கிய விடுதலை, அந்தக் குலா, இரண்டிலும் பதிந்தாகிவிட்டது. கணவன் உதுமான் நிக்காஹின்போது மஹராகக் கொடுத்த மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட கையோடு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். வெளியே வயலில் அறுப்பு மெஷின் இரைகிறது. ஜைத்தூன் மட்டும் எழுந்திருக்கவில்லை. தாலியாகக் கழுத்தில் கிடக்கும் கருகமணியை விரலால் உருட்டிக்கொண்டே, "ஹஜரத்து, இதை யாருங்க கழட்டோணும்?" என்கிறாள். வேறொரு சான்றிதழுக்காக வந்து மூலை பெஞ்சில் காத்திருக்கும் நானும் நிமிர்கிறேன். ஹஜரத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தரவைப் புரட்டுகிறார், புத்தகத்தையும் புரட்டுகிறார். "ரெண்டுலயும் இல்லீம்மா. இது நம்ம ஊர் வழக்கம். கட்டுனது யாரு?" மாப்பிள்ளையின் அக்காதான் கட்டுவாள். அந்த அக்கா ரமீஜா, இதுவரை வாசலோரம் நின்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள். ஜைத்தூன் முக்காட்டை ஒதுக்கிக் குனிகிறாள். பிடரியில் வியர்வை மின்னுகிறது. ரமீஜாவின் விரல்கள் கொக்கியைத் தொட்டு அங்கேயே நிற்கின்றன. பிறகு, முறுகிக் கிடந்த சரத்தை நேராக்கிவிட்டு, முக்காட்டை இழுத்து மூடுகிறாள். "எம்பட தம்பியத்தானே கண்ணு வேண்டாம்னே? என்னையும் வேண்டாம்னு எந்தக் காயிதத்துலயும் எழுதலையே."