மஞ்சள் வண்டிக்காரர்

துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. கழற்றிப் போட்ட முன் பம்பரின் மூலையில் அந்த மஞ்சள் ஃபைபர் துண்டை வைத்துப் பார்த்தார் சம்பத்.

யாரோ அந்த மூலையைப் பட்டி பார்த்து, மேலே பெயிண்ட் அடித்து அழகாக மறைத்திருந்தார்கள். சுரண்டிப் பார்க்காமல் எவனுக்கும் தெரியாது. முப்பது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்றரை வருடமாக அவருடைய டூல்ஸ் பெட்டியின் அடியில் கிடந்த துண்டு அது. விடியற்காலையில் பூ வாங்கப் போன அவர் மனைவி கமலத்தை, குமணன்சாவடி சந்திப்பில் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் பறந்த வண்டியின் துண்டு. அவளுடைய வயர் கூடையில் சிக்கியிருந்தது. "மஞ்ச கலருன்னு மட்டும் சொன்னா எத்தினி வண்டியப் புடிக்கிறது?" என்று விசாரித்தவர்கள் கைகழுவிவிட்டார்கள்.

கடவுள் கைகழுவவில்லை போலிருக்கிறது. அந்த வண்டி தானாகவே உருண்டு பூந்தமல்லிக்கு, அதுவும் சம்பத்தின் ஷெட்டுக்கே வந்து நின்றிருந்தது.

கொண்டுவந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். ஐ.டி. வேலை, கோயம்புத்தூர்ப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸாம். மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு வண்டியாக வளைத்து ஓட்டவிட்டு, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்க்கும் பந்தயம்.

"ஹைட்டக் கொறச்சு, சஸ்பென்ஷன் டைட் பண்ணி, புது பம்பர் மாட்டிருங்ணா. பிரேக் நச்சுன்னு புடிக்கோணும்" என்று அடுக்கினான். பானெட்டைத் திறக்கச் சொன்னால், ஸ்டியரிங்குக்குக் கீழே நெடுநேரம் துழாவிவிட்டு அசட்டுச் சிரிப்போடு இறங்கினான். சம்பத்தான் திறந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு முடுக்கத்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

அவன் பெயரை அவர் கேட்கவில்லை. அவர் ஷெட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. வெள்ளை டீசல், ஆவடி வேன், மஞ்சள் வண்டி என்று எல்லாரும் வண்டிகள்தான்; செல்போனிலும் அப்படித்தான் பதிந்திருப்பார். இன்றைக்குத்தான் ஒரு பெயர் தேவைப்பட்டது. டேஷ்போர்டைத் திறந்து ஆர்.சி.யை எடுத்தார்.

மனோகரன், சேக்காடு, ஆவடி. ஆறு வருடத்துக்கு முன் பதிவான நாளிலிருந்து ஒரே ஓனர்.

"மனோகரன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அவனே வந்தான். சம்பத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டார்.

"வண்டி உன்னுதுதான நைனா?"

"என்னோடதேதானுங்ணா."

"எங்கியாச்சும் இட்ச்சிக்கினு கீதா?"

"சேச்சே, ஒரு கீறல் இல்லாத வண்டிங்ணா இது."

கண்ணைப் பார்த்து, கூசாமல் சொன்னான். கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட சம்பத் மனசு மாறியிருப்பார். மன்னிப்பதற்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்றுதான் கேட்டார் அவர். பாவி அதையும் கொடுக்கவில்லை.

அவன் போனதும் வண்டிக்கு அடியில் படுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பிரேக் பைப் நட்டை முழுசாக முடுக்காமல் விட்டார். ஊருக்குள் மெதுவாகப் போகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஓங்கி ஓங்கி மிதிக்கும்போது பெடல் சும்மா உள்ளே போகும். பந்தயம் நடக்கிற மைதானத்தின் கோடியில் பழைய கல்குவாரிப் பள்ளம் ஒன்று உண்டு, நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புது பம்பரைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"ரொம்ப நாள் ஆசைங்ணா. எங்கம்மாகிட்டக்கூட இன்னும் சொல்லலீங்க. கப்போட நின்னு போட்டோ அனுப்போணும். நீங்களும் வாங்களேன், பாக்கலாம்."

"எனக்கு வேல கீது. நீ போ."

சைலன்சர் உறுமிக்கொண்டு போவதை, சத்தம் தேய்கிற வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கமலத்தின் படத்துக்குப் பூ வைத்தார். மனசு லேசாகும் என்று நினைத்தார். ஆகவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் நட்டுகளைக் கொட்டிப் பொறுக்குவதுமாக மூன்று மணி நேரம் ஓடியது.

பத்தரைக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள், கையில் ஒரு பழுப்புக் கவர்.

"கிருபாகரன் இல்லியா?"

"அப்டி யாரும் இங்க கெடையாதே சார்."

"இந்த ஷெட்டுதாங்க சொன்னாரு. கோயம்புத்தூர்க்காரர். ஒரு கையெழுத்து பாக்கி, இங்கியே வந்து போட்டுட்டுப் போங்கன்னாரு. அரை மணி நேரமா போன் அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறாரு."

சம்பத்துக்குக் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீங்க... யாரு?"

அந்த ஆள் கவரிலிருந்து பெயர் மாற்றும் படிவத்தை உருவி, பேனாவின் மூடியைத் திறந்தார்.

"நான் மனோகரன். போன வாரம் அந்த மஞ்ச வண்டிய அவருக்கு வித்தவன்."