மீன் கடை நாற்றம்

"சீ! மறுபடியும் அதே நாத்தம்!" வீலண்ட் மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை அறைந்து சாத்தினார்.

நைரோபியின் நடுவில் இட நெருக்கடியில் தவித்த ஜெர்மன் பள்ளி, ஊருக்கு வெளியே இந்தப் பெரிய வளாகத்துக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. தலைமையாசிரியையான அவர் அறையில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. வரும் சனிக்கிழமை திறப்பு விழா. ஜெர்மன் தூதர் வருகிறார்.

"எல்லாம் அந்த மீன்காரியாலதான், முசியோகா. வாசலுக்கு நேரா உக்காந்து பொரிக்கிறா. சாக்கடை மேல பள்ளிக்கூடம் கட்டியிருக்கோம்னு தூதர் நினைக்க மாட்டாரா?"

காவலாளி முசியோகா தலையைச் சொறிந்தார். காலையில் அவர் சாப்பிட்ட களியும் மீனும் அந்த மீன்காரி அபியோவின் கடையில்தான்.

"நேத்தும்தான் நாறிச்சு, மேடம். நேத்து பூரா மழை. அபியோ அடுப்பே பத்த வைக்கலையே."

"வருஷக்கணக்கா பொரிச்சது மண்ணுல இறங்கியிருக்கும். மழை பெஞ்சா போயிடுமா?"

முசியோகா மூலையிலிருந்த பெட்டியைக் காட்டினார். "அதுக்கு அடியில ஈரமா இருக்கு மேடம். சுவர்ல கசியுதோ என்னவோ. நகத்திப் பாக்கட்டுமா?"

"அதைத் தொடாதீங்க! போன மாசம் எங்கம்மா ஜெர்மனிலேருந்து வந்தப்போ கட்டி வெச்சது. விழா அன்னைக்குத்தான் திறக்கணும்னு எழுதியிருக்காங்க பாருங்க. சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான்."

அன்றே பெற்றோர் சங்கத்தின் புகார்க் கடிதம் நகராட்சிக்குப் போயிற்று.

வியாழக்கிழமை நகராட்சி லாரி வந்தது. அபியோ கடையின் தகரக் கூரையைப் பிடுங்கினார்கள். எண்ணெய்ச் சட்டியை ஒருவன் காலால் எத்தினான். சேற்றில் விழுந்த மீன்களை இன்னொருவன் பூட்ஸால் நசுக்கினான்.

"ஆறு வருஷமா இங்க இருக்கேன் அண்ணே," அபியோ முசியோகாவைப் பார்த்துக் கத்தினாள். "அப்ப இங்க மாடுதான் மேஞ்சுது. இந்தச் சுவரைக் கட்டின கொத்தனாருங்க எல்லாம் என் மீனைத் தின்னுட்டுத்தானே கட்டினாங்க? அப்ப நாறலையா? இனிமே என் ரெண்டு புள்ளைங்களுக்கு நான் எதைப் பொங்கிப் போடுவேன்?"

முசியோகா கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

"பேசுங்களேன். காலையில தின்ன மீனு தொண்டையில மாட்டிக்கிச்சா?"

மாடி ஜன்னல் திறந்தது. வீலண்ட் மேடம் வெறும் மண்ணைப் பார்த்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. தூதர் வர ஒரு மணி நேரம் இருந்தது. அறைக் கதவைத் திறந்ததுமே வீலண்ட் மேடத்துக்குக் குமட்டியது. நாற்றம் இரண்டு மடங்காகியிருந்தது. இருந்த வாசனைத் திரவியத்தை எல்லாம் தெளித்துப் பார்த்தார். அதையும் நாற்றம் விழுங்கிவிட்டது.

"என்ன கண்றாவி இது! எங்கேருந்துதான் வருது?"

"தெரியலை மேடம்," என்றார் முசியோகா. "மீன்காரி போயி ரெண்டு நாளாச்சு."

குறித்த நாள் வந்துவிட்டது என்று ஞாபகம் வந்தவராய், மேடம் மூக்கைப் பொத்தியபடியே அம்மாவின் பெட்டியைக் கத்தரியால் கிழித்தார்.

உள்ளே ஒரு பெரிய மண் ஜாடி. சாமான் ஏற்றியவர்கள் அதைப் படுக்கப் போட்டிருக்க வேண்டும். மூடியைச் சுற்றியிருந்த பள்ளத்தில், காற்றைத் தடுத்து நிற்க வேண்டிய தண்ணீர் முழுவதும் வழிந்துபோயிருந்தது. மூடியைத் தூக்கியதும் முசியோகா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஜாடி நிறைய, ஜெர்மன் வீடுகளில் ஊறுகாய் போலப் புளிக்க வைக்கும் முட்டைக்கோஸ், சாம்பல் நிற உப்புத் தண்ணீரில் புளித்து நுரைத்துக்கொண்டிருந்தது.

"இதுதான் மேடம்!" வாசலிலிருந்தே கத்தினார். "இத்தனை நாளும் நாறினது இதுதான்!"

வீலண்ட் மேடம் கைக்குட்டையை மெல்ல எடுத்தார். ஜாடிக்குள் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நாத்தமா? எங்கம்மா கைமணம்!"